மேக்சி வரைபடத்தை மட்டும் வைத்துக் கருந்துளையா நியூத்திரன் உடுவா என்று சொல்ல முடியுமா?

வெள்ளவத்தை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் பௌதிகவியல் சிறப்புக் கற்கைநெறியின் இறுதியாண்டில் இருக்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையத்தின் யப்பானிய ஆய்வுகூடத்தில் 2009ஆம் ஆண்டு பொருத்தப்பட்ட மேக்சி என்னும் கருவி வானம் முழுவதையும் எக்ஸ் கதிரில் கண்காணித்துவருகிறது. அதன் தரவுகளை எவரும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்பதால் எனது ஆய்வுத் திட்டத்துக்கு அதையே எடுத்துக்கொண்டேன். 2 முதல் 4, 4 முதல் 10, 10 முதல் 20 கிலோ இலத்திரன்வோற்று என்னும் மூன்று சக்திப் பட்டைகளில், நாளொன்றுக்கு ஒரு பெறுமானம் வீதம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

மேக்சி ஜே1820+070 கருந்துளை என்பதும் அக்குயிலா எக்ஸ்-1 நியூத்திரன் உடு என்பதும் ஏற்கெனவே தெரிந்தவை. அவை திடீரெனப் பிரகாசமாகிப் பின் அடங்கும் வெளிப்பாடுகளைக் கிடையச்சில் வன்மை விகிதமும் (உயர்சக்திப் பட்டையின் செறிவைத் தாழ்சக்திப் பட்டையினதால் வகுத்தது) நிலைக்குத்தச்சில் செறிவும் அமையுமாறு வரைந்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதையில் சென்றன. வன்மையான நிலையிலேயே பிரகாசமாகி, பின் மென்மையான நிலைக்குத் தாவி, அங்கே நன்கு மங்கிய பிறகுதான் வேறொரு வழியாக வன்மைக்குத் திரும்புகின்றன. மூன்றாவதாக, 2017 செப்டெம்பரில் வெளிப்பட்ட மேக்சி ஜே1535-571 என்பதையும் சேர்த்தேன். அதனை ஆய்வுக் கட்டுரைகள் 'கருந்துளை வேட்பாளர்' என்றே குறிப்பிடுகின்றன. 'கருந்துளை' என்று முடித்துச் சொல்வதில்லை.

எனது மேற்பார்வையாளர் கேட்ட கேள்வி இதுதான்: எக்ஸ் கதிர் அவதானம் ஒன்றை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியுமா, முடியுமென்றால் ஜே1535 ஏன் இன்னும் வேட்பாளராகவே இருக்கிறது? வாய்மொழிப் பரீட்சையிலும் இதைக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


தென்வானம் எழுதியது:

தங்கை, வன்மை–செறிவு வரைபடம் இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது. அது திரள்தட்டின், அதாவது நடுப்பொருளைச் சுற்றிச் சுழன்றபடி உள்ளே விழும் வாயுத் தட்டின், போக்கைக் காட்டும் படம்; நடுவில் இருக்கும் பொருளின் படம் அல்ல. எக்ஸ் கதிர் அவதானத்தால் 'இது நியூத்திரன் உடு' என்று ஐயமறச் சொல்ல முடியும், சில வேளைகளில் ஒரே நாள் இரவில் சொல்லிவிடலாம். 'இது கருந்துளை' என்று அதே உறுதியுடன் சொல்ல அதனால் முடியாது. ஜே1535 வேட்பாளராகவே இருப்பதற்குக் காரணம் இந்த ஒருபக்கத் தன்மைதான்.

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதில் வியப்பில்லை. நியூத்திரன் உடுவொன்றின் ஆரை ஏறத்தாழ 10 முதல் 13 கிலோமீற்றர். சூரியனைப் போல் பத்து மடங்கு திணிவுள்ள, சுழலாத கருந்துளையின் நிகழ்வெல்லை (ஒளிகூட மீள முடியாத எல்லை) ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதனைச் சுற்றித் திரள்தட்டு நிலைத்திருக்கக்கூடிய உள்விளிம்பு ஏறத்தாழ 90 கிலோமீற்றர். துணை உடுவிலிருந்து பறிக்கப்படும் வாயு இரண்டிலும் ஒரே விதமாக இலட்சக்கணக்கான கிலோமீற்றர் சுழன்று இறங்கி, கோடி கெல்வின் அளவுக்குச் சூடாகி, எக்ஸ் கதிராக எரிகிறது. நீங்கள் வரைந்தது இந்த இறங்குபாதையின் நடத்தையை. பாதை எங்கே முடிகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது: நியூத்திரன் உடுவுக்குத் திண்மையான மேற்பரப்பு உண்டு, கருந்துளைக்கு இல்லை. ஐயமற்ற சான்றுகள் எல்லாமே அந்த மேற்பரப்பிலிருந்தோ, அதில் வேரூன்றிய காந்தப்புலத்திலிருந்தோ வருபவை.

முதலாவது சான்று துடிப்பு. காந்தப்புலம் வாயுவைத் துருவங்களை நோக்கி வழிப்படுத்த, உடு சுழலும்போது அந்தச் சூடான புள்ளிகள் நம்மை நோக்கியும் விலகியும் செல்வதால் எக்ஸ் கதிர் மாறாத காலவட்டத்துடன் ஏறி இறங்கும். 1971இல் உகுரு செய்மதி சென்டோரஸ் எக்ஸ்-3 என்னும் மூலத்தில் 4.8 செக்கன் துடிப்பைக் கண்டபோது இந்தத் துறையே மாறியது. 1998இல் ஆர்.எக்ஸ்.ரி.ஈ செய்மதி, செக்கனுக்கு 401 தடவை சுழலும் எஸ்ஏஎக்ஸ் ஜே1808 என்பதைக் காட்டியது. கருந்துளையில் இத்தகைய புள்ளியைச் சுமந்து சுழல எதுவும் இல்லை. ஆகவே சீரான துடிப்பு கிடைத்துவிட்டால் விவாதம் முடிந்தது.

இரண்டாவது, முதலாம் வகை வெடிப்பு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மேற்பரப்பில் மணிக்கணக்காகக் குவியும் ஐதரசனும் ஈலியமும் அடியில் நெருங்கி, ஒரு கட்டத்தில் அணுக்கருத் தாக்கமாகத் தீப்பற்றும். ஓரிரு செக்கன்களில் பிரகாசம் உச்சத்தைத் தொட்டு, பத்துச் செக்கன் முதல் ஒன்றிரண்டு நிமிடம் வரை எடுத்துத் தணியும். தணியும்போது நிறமாலை 2 முதல் 3 கோடி கெல்வினிலிருந்து படிப்படியாகக் குளிரும். அந்த வெப்பநிலையையும் பிரகாசத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணித்தால் ஒளிரும் கோளத்தின் ஆரை பத்துக் கிலோமீற்றர் அளவில் வருகிறது. இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. நியூத்திரன் உடுவின் மீது விழும் ஒவ்வொரு புரோத்தனும் ஈர்ப்பினால் ஏறத்தாழ 200 மெகா இலத்திரன்வோற்றுச் சக்தியை வெளிவிடும். அதே பொருள் அணுக்கருத் தாக்கத்தில் எரிந்தால் துகளொன்றுக்குச் சில மெகா இலத்திரன்வோற்று மட்டுமே கிடைக்கும். ஆகவே இரண்டு வெடிப்புகளுக்கு இடையில் தொடர்ந்து வெளிவரும் சக்தி, வெடிப்பின் சக்தியைப் போல் பல பத்து மடங்காக இருக்க வேண்டும். அவதானங்கள் அப்படியே காட்டுகின்றன. அதனால் ஜிஆர்எஸ் 1915+105 என்னும் கருந்துளை நிமிடத்துக்கு ஒருமுறை இதயத்துடிப்புப் போல் பொங்கி அடங்குவதைப் பார்த்து எவரும் ஏமாறுவதில்லை. அது தட்டின் நிலையின்மை. அங்கே வெடிப்புக்குரிய குளிர்தல் கிடையாது.

மூன்றாவது, சைக்கிளோத்திரன் உறிஞ்சற்கோடு. சில இலட்சம் கோடி கௌஸ் வலிமையுள்ள காந்தப்புலத்தில் இலத்திரன்கள் குறிப்பிட்ட சக்திகளை உறிஞ்சும். 1976இல் பலூன் ஒன்றில் அனுப்பிய கருவி ஹேர்குலிஸ் எக்ஸ்-1 மூலத்தில் இதனை முதன்முதலாகக் கண்டது. இதுவும் தீர்மானமான சான்றே, ஆனால் வலிமையான புலமுள்ள இளம் உடுக்களில் மட்டும்தான் எதிர்பார்க்கலாம்.

உங்கள் தரவில் இம்மூன்றும் இருக்க வழியில்லை. மேக்சி ஏறத்தாழ 92 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மூலத்தைக் கடந்து செல்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமளவே பார்க்கிறது. அதையும் நீங்கள் நாட்சராசரியாக எடுத்திருக்கிறீர்கள். காலி வீதியில் ஒரு நாளில் சென்ற வாகனங்களின் மொத்தத்தை வைத்துக்கொண்டு, பம்பலப்பிட்டிச் சந்தியின் வீதிச் சமிக்ஞை எத்தனை செக்கனுக்கு ஒருமுறை மாறுகிறது என்று கேட்பதற்கு ஒப்பானது இது.


பழைய ஆசிரியர் எழுதியது:

உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாமா? தென்வானம் தம்பி கூறியவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கருந்துளையைப் பற்றி எக்ஸ் கதிர் எதையுமே நேராகச் சொல்லாது என்று அவர் நிறுத்திவிட்டது சற்றுக் கடுமையாகத் தோன்றுகிறது.

சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியில் படித்த சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா செய்மதி 1999இல் ஏவப்பட்ட பின், இந்த மூலங்கள் உறங்கும் காலத்தில் எவ்வளவு மங்கலாக இருக்கின்றன என்பதை அளக்க முடிந்தது. ரமேஷ் நாராயண் முதலியோர் 1997இலேயே முன்வைத்த தர்க்கம் எளிமையானது: மிகச் சிறிதளவே வாயு விழும்போது, அது தன் சக்தியைக் கதிராக வெளிவிடாமல் உள்ளேயே சுமந்துகொண்டு இறங்கும், நியூத்திரன் உடுவில் அந்தச் சக்தி மேற்பரப்பில் மோதி எப்படியும் வெளிவந்தாக வேண்டும், கருந்துளையில் நிகழ்வெல்லையைக் கடந்து மறைந்துபோகும். அவ்வாறே, ஒத்த சுற்றுக்காலமுள்ள இரட்டை உடுத்தொகுதிகளை ஒப்பிட்டால் கருந்துளைகள் நியூத்திரன் உடுக்களைவிடப் பத்து முதல் நூறு மடங்கு மங்கலாக இருந்தன. ஏ0620-00 என்னும் கருந்துளை உறக்கத்தில் எக்ஸ் கதிரில் வெளிவிடுவது சூரியனின் மொத்த ஒளிர்வில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

வெடிப்புகளின் இன்மையும் அப்படித்தான். ஆர்.எக்ஸ்.ரி.ஈ 1996 முதல் 2004 வரை பார்த்த தற்காலிக மூலங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், நியூத்திரன் உடுக்களில் நூற்றுக்கு மேற்பட்ட முதலாம் வகை வெடிப்புகளைக் கண்டார்கள், கருந்துளைக் கூட்டத்தில் ஒன்றையேனும் காணவில்லை. இல்லாமையும் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது அதனைச் சான்றாக ஏற்பதில் தவறென்ன?


மீடிறன் எழுதியது:

சேர், கூட்டமாக எடுத்தால் நீங்கள் சொல்வது மிக வலுவான வாதம். நிகழ்வெல்லை உண்மையிலேயே இருக்கிறது என்று நம்புவதற்கு நானும் அதை முன்வைப்பேன். ஆனால் மாணவியின் கேள்வி தனி ஒரு மூலத்தைப் பற்றியது. தனி மூலத்தில் இல்லாமை பலமுறை கைவிட்டிருக்கிறது.

அவர் எடுத்த அக்குயிலா எக்ஸ்-1 மூலத்தையே பாருங்கள். ஆர்.எக்ஸ்.ரி.ஈ அதனைப் பத்து இலட்சம் செக்கனுக்கு மேல் அவதானித்தது. அத்தனை தரவிலும் சீரான துடிப்பு தென்பட்டது 1998இல் ஒரேயொரு தடவை, ஏறத்தாழ 150 செக்கன் மட்டுமே, 550 ஹேர்ட்ஸ் மீடிறனில், அதாவது செக்கனுக்கு 550 தடவை. அந்த இரண்டரை நிமிடம் தவறியிருந்தால் 'துடிப்பில்லாத மூலம்' என்ற பட்டியலில் அது இன்றும் இருந்திருக்கும். (வெடிப்புகள் இருந்ததால் அதன் இயல்பில் ஐயம் எழுந்திராது என்பது வேறு.) மங்கலைப் பற்றிய வாதத்துக்கும் ஒரு முள் உண்டு. 1எச் 1905+000 வெடிப்புகளைக் காட்டிய, ஐயமற்ற நியூத்திரன் உடு; அது உறங்கியபோது சந்திரா நீண்டநேரம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அதன் ஒளிர்வு கருந்துளைகளில் மிக மங்கியவற்றின் அளவுக்கே இறங்கிவிட்டது. மறுபுறம், கருந்துளைகள் மங்கலாக இருப்பது சக்தியை வெளியே பீச்சும் தாரைகளில் செலவிடுவதாலும் இருக்கலாம் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள்.

'கருந்துளை போலத் தோன்றுகிறது' என்பதன் வரலாறும் கவனத்துக்குரியது. சிக்னஸ் எக்ஸ்-1 மில்லி செக்கன் அளவில் ஒழுங்கின்றிப் படபடப்பது 1970களில் கருந்துளைக்குரிய அடையாளமாகவே கருதப்பட்டது. சேர்சினஸ் எக்ஸ்-1 அதே விதமாகப் படபடத்ததால் அதுவும் வேட்பாளராயிற்று. 1980களின் நடுப்பகுதியில் எக்சோசாற் செய்மதி அதில் முதலாம் வகை வெடிப்புகளைக் கண்டது. வி0332+53 என்பதன் படபடப்புக்குள் 4.4 செக்கன் துடிப்பு ஒளிந்திருந்தது. 2018இல் வெளிப்பட்ட சுவிஃப்ற் ஜே1858.6-0814 என்பதை வி404 சிக்னி என்னும் கருந்துளையோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். 2020இல் நைசர் கருவி அதில் வெடிப்புகளைப் பதிவு செய்தது. எல்லாவற்றிலும் பெரியது எம்82 எக்ஸ்-2. அதன் பிரகாசத்தைப் பார்த்து, அங்கே கருந்துளைதான் இருக்க முடியும் என்று எண்ணியிருந்த காலத்தில், 2014இல் நியூஸ்ரார் செய்மதி 1.37 செக்கன் துடிப்பைக் கண்டு அந்த எண்ணத்தையே உடைத்தது. இந்தத் திருத்தங்கள் எல்லாம் ஒரே திசையிலேயே போயிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்: வேட்பாளர் நியூத்திரன் உடுவாகிறது. மேற்பரப்பைக் கண்டபின் அதை மறுக்க வழியில்லாததால் எதிர்த்திசையில் திருத்தம் நிகழ்வது அரிது.

ஆகவே கருந்துளை என்று அறிவிக்கத் திணிவு வேண்டும். அது பெரும்பாலும் ஒளியியல் தொலைகாட்டியின் வேலை. துணை உடுவின் கோடுகள் டொப்ளர் விளைவால் முன்பின் நகர்வதை அளந்தால், சுற்றுக்காலத்தையும் வேக வீச்சையும் கொண்டு திணிவுச் சார்பு கிடைக்கும். மறைந்திருக்கும் பொருளின் திணிவு அதற்குக் கீழே போகவே முடியாது. வி404 சிக்னியில் சுற்றுக்காலம் 6.47 நாள், வேக வீச்சு செக்கனுக்கு 208 கிலோமீற்றர். திணிவுச் சார்பு 6.08 சூரியத் திணிவு. இதுவரை நன்கு அளக்கப்பட்ட கனமான நியூத்திரன் உடுக்கள் 2 முதல் 2.4 சூரியத் திணிவுக்குள் அடங்குகின்றன. பொதுச் சார்பியல் அனுமதிக்கும் உச்சவரம்பு ஏறத்தாழ 3. ஆகவே வி404இல் சுற்றுப்பாதையின் சாய்வுக் கோணத்தைப் பற்றியோ துணை உடுவைப் பற்றியோ எந்த ஊகமும் தேவையில்லை. மேக்சி ஜே1820+070 என்பதும் 5.18 என்ற பெறுமானத்தோடு இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சிக்னஸ் எக்ஸ்-1 இவ்வளவு எளிதாக அமையவில்லை. அதன் திணிவுச் சார்பு சூரியத் திணிவில் கால்வாசிதான். துணை உடுவின் திணிவையும் தூரத்தையும் நம்பித்தான் முடிவுக்கு வர வேண்டியிருந்தது. அது கருந்துளை அல்ல என்று 1974இல் கிப் தோர்னுடன் பந்தயம் கட்டிய ஹோக்கிங் 1990இல்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2021இல் வெளியான அளவீட்டின்படி அதன் திணிவு 21 சூரியத் திணிவு.

ஜே1535 பால்வழியின் தளத்தில் தடித்த தூசுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் துணை உடுவின் வேகத்தை அளந்து திணிவைக் கணிக்காதவரை, அது வேட்பாளர்தான்.


வெள்ளவத்தை மாணவி எழுதியது:

இருவருக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. அப்படியானால் எனது வரைபடத்தைக் கைவிட்டுவிட வேண்டுமா? நிறங்களையும் செறிவையும் கொண்டு கணினிக் கற்றலால் இரண்டையும் பிரிக்கலாம் என்று சில கட்டுரைகளில் வாசித்தேன். மேலும், ஆய்வுக் கட்டுரைகள் ஜே1535 கருந்துளையாக இருக்கலாம் என்று சொல்வதற்கே அடிப்படை என்ன? ஆய்வேட்டில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?


தென்வானம் எழுதியது:

கைவிட வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். 'இது என்ன' என்பதற்குப் பதிலாக 'இது எந்தக் கூட்டத்துக்கு அருகில் நிற்கிறது' என்று கேளுங்கள். ஒரு வன்மை விகிதத்துக்குப் பதிலாக இரண்டு எடுத்து, செறிவை மூன்றாம் அச்சாக்கினால், கருந்துளைகளும் துடிப்புள்ள உடுக்களும் துடிப்பற்ற நியூத்திரன் உடுக்களும் வெவ்வேறு பகுதிகளில் திரள்வதை ஆர்.எக்ஸ்.ரி.ஈயின் வான்கண்காணிப்புத் தரவிலேயே காட்டியிருக்கிறார்கள். உங்களிடம் மூன்று பட்டைகள் இருப்பதால் இதனை நேராகச் செய்யலாம். கணினிக் கற்றலைப் பொறுத்தவரை, 5 முதல் 25 கிலோ இலத்திரன்வோற்று நிறமாலைகளில் பயிற்றி 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று சராசரியாக 87 சதவீதம் சரியாகப் பிரித்தது. பத்தில் ஒன்றுக்கு மேல் தவறும் முறையைத் தேர்வுக்குப் பயன்படுத்தலாம். தீர்ப்புக்குப் பயன்படுத்த எனக்கு மனம் வராது. பயிற்சிக்குக் கொடுத்த 'கருந்துளை' என்ற அடையாளங்களில் சில வேட்பாளர்களாகவே இருந்தால் தவறு சுற்றிவந்து சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜே1535 பற்றிய கருத்துக்கு அடிப்படை, பல மெல்லிய சான்றுகள் ஒரே பக்கம் சாய்வதுதான். இரண்டை மட்டும் சொல்கிறேன். வன்மையான நிலையில் நியூத்திரன் உடுவின் மேற்பரப்பு மென்மையான போட்டன்களை ஓயாமல் அனுப்பி, சுற்றியுள்ள சூடான இலத்திரன்களைக் குளிர்விக்கும்; அதனால் அதன் நிறமாலை பெரும்பாலும் கருந்துளையினதைவிடத் தாழ்ந்த சக்தியிலேயே விழத் தொடங்கும். கருந்துளைகளில் அது 100 கிலோ இலத்திரன்வோற்று அளவுக்கும் நீளலாம். மேக்சியின் 20 என்ற எல்லைக்குள் இந்த வீழ்ச்சி தெரியாது. 3 முதல் 79 வரை பார்க்கும் நியூஸ்ராரிலும், 80 வரை பார்க்கும், இந்தியாவின் அஸ்ரோசாற் செய்மதியிலுள்ள லாக்ஸ்பிசி கருவியிலும் தேட வேண்டும்.

மற்றது மீடிறன் திருசியம், அதாவது படபடப்பின் வலு எந்த மீடிறனில் எவ்வளவு என்பது. சுழலாத பொருளைச் சுற்றித் தட்டின் உள்விளிம்பில் ஒரு சுற்றுக்கான மீடிறன் ஏறத்தாழ 2200 ஹேர்ட்ஸைத் திணிவால் வகுத்த அளவு: 1.4 சூரியத் திணிவுக்கு 1570, பத்துக்கு 220. வன்மையான நிலையில் கருந்துளைகளின் வலு 10 முதல் 50 ஹேர்ட்ஸுக்கு மேல் விரைவாகச் சரிவதையும், நியூத்திரன் உடுக்களில் அது 500, 1000 ஹேர்ட்ஸ் வரை நீடிப்பதையும் 2000ஆம் ஆண்டில் சுனியாயெவும் ரெவ்னிவ்ற்செவும் எடுத்துக்காட்டினார்கள். நியூத்திரன் உடுக்களில் அடிக்கடி தோன்றும் ஆயிரம் ஹேர்ட்ஸ் அளவிலான இரட்டை அலைவுகள் கருந்துளையில் காணப்பட்டதில்லை. அங்கே மிக உயர்ந்தவை 450 ஹேர்ட்ஸ் அளவோடு நிற்கின்றன. இரும்பின் 6.4 கிலோ இலத்திரன்வோற்றுக் கோடு அகன்றிருப்பதை மட்டும் வைத்து எதையும் எழுதிவிடாதீர்கள். அது இரு வகையிலும் வருகிறது.

செய்முறைக்கு: நாசாவின் ஹியாசார்க் ஆவணக்காப்பகத்தில் ஜே1535 பற்றிய நைசர் தரவும், அக்குயிலா எக்ஸ்-1 பற்றிய ஆர்.எக்ஸ்.ரி.ஈ தரவும் இலவசமாக உள்ளன. பைதன் தெரிந்தால் ஸ்ரிங்ரே என்னும் பொதியில் மீடிறன் திருசியத்தைக் கணிக்கலாம். மூன்று மூலங்களையும் வன்மையான நிலையில் மட்டும் எடுத்து, ஒரே அச்சுகளில் வரைந்து, 100 ஹேர்ட்ஸுக்கு மேல் எஞ்சும் வலுவை ஒப்பிடுங்கள். எண்ணிக்கைச் சத்தத்தை (போட்டன்கள் தற்செயலாக வந்துசேர்வதால் எழும் ஏற்றத்தாழ்வை) கழிக்காமல் அந்தப் பகுதியைப் பேசக்கூடாது. பரீட்சகர் முதலில் கைவைப்பது அங்கேதான். கருவியின் இறந்தகாலத் திருத்தமும் (ஒரு போட்டனைப் பதிந்ததும் அடுத்ததைப் பதிய முடியாத சிறு இடைவெளிக்கான திருத்தம்) ஆர்.எக்ஸ்.ரி.ஈயில் அந்த மீடிறன்களைப் பாதிக்கும்.

ஆய்வேட்டில் 'வெடிப்பு இல்லை' என்று எழுதாதீர்கள். 'இத்தனை செக்கன் அவதானத்தில், இந்த ஒளிர்வில், வெடிப்பு எதுவும் தென்படவில்லை' என்று எழுதுங்கள். துடிப்புக்கும் அப்படியே: எந்த மீடிறன் எல்லைக்குள், எத்தனை சதவீத வீச்சுக்கு மேல் தேடினீர்கள் என்பதை மேல்வரம்பாகக் கொடுங்கள். ஜே1820க்குக் 'கருந்துளை' என்றே எழுதலாம், திணிவுச் சார்பு இருக்கிறது. ஜே1535க்கு வேட்பாளர் என்ற சொல்லை நீக்க வேண்டாம்.


பழைய ஆசிரியர் எழுதியது:

மீடிறன் தம்பியின் 1எச் 1905 உதாரணம் எனக்குப் புதியது. தேடி வாசித்தேன், ஏற்றுக்கொள்கிறேன். பிள்ளைக்கு ஒரு சிறு குறிப்பு. சிக்னஸ் எக்ஸ்-1இன் துணை உடு ஒளியளவு 9 என்ற அளவில் இருப்பதால் சிறிய தொலைகாட்டிக்கும் எட்டும். கொழும்பில் அது வடவானில் ஏறத்தாழ 62 பாகை வரை உயர்கிறது. அதன் வேக வீச்சு செக்கனுக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். நிறமாலைமானி இல்லாமல் அதை அளக்க முடியாது. ஆனாலும் கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிலையத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி ஒன்று இருக்கிறது. எக்ஸ் கதிர் ஆய்வேட்டுக்கு ஒளியியல் இணைப்பொன்று சேர்க்க மேற்பார்வையாளர் விரும்பினால், அங்கே விசாரித்துப் பார்ப்பதில் நட்டமில்லை.